முப்பத்திரண்டு நிரம்பக் காத்திருந்த குரல்

அந்த யோசனை வந்தபோது என் வலது கை நிறையச் சோறு இருந்தது.

நற்பிட்டிமுனையில் மாமி மகளின் கலியாணம். பெண்கள் பக்கத்தில் பாய் விரித்து, ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்திருந்தோம். சஹன் சாப்பாடு. ஆறு பேர் சேர்ந்ததும் ஒரு சஹன் வந்து நடுவில் இறங்கும். சோறு, கோழி, இறைச்சி, கத்தரிக்காய் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கொண்டுவந்தவர் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார். அன்று கூட்டம் கூடிப்போனதால் ஒரு மூலையில் மட்டும் தனித்தட்டுகளில் பரிமாறினார்கள். அங்கே எனக்குச் சின்னம்மா முறையான ஒரு சாச்சி ஆளுக்கு ஆள் குனிந்து, கோழி வேண்டுமா, சோற்றுக்கு ஆணம் போதுமா என்று கேட்டுக் கேட்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் நாலு பேரைக் கவனித்து முடிப்பதற்குள் எங்கள் பக்கம் ஐந்து சஹன் இறங்கிவிட்டது.

எங்கள் நேரலைச் சேர்வரில் மையச் செயலியான சீபியூ படும் பாடு அந்தச் சாச்சி படும் பாடுதான் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. கை கழுவக்கூடப் பொறுமை இல்லை. என்னோடு வேலை செய்யும் தீபனுக்கு இடது கையால் செய்தி அனுப்பினேன்: தரவுப் பொதிகளை அனுப்புகிற வேலையையும் ஜீபியூவிடமே கொடுத்தால் என்ன?

"முதல்ல சாப்பிட்டு முடிங்க மிஸ்" என்று பதில் வந்தது.

இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதச் சொன்னவர் நம் முதலாளி நிலாம் நானா. அனுப்பும் மேசையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் வேறு வேலைக்குப் போகிறேன். பணி அனுபவம் எழுதுகிற வயதா எனக்கு என்று நீங்கள் சிரிக்கலாம். இந்தத் தொழிலில் ஒரே மேசையில் ஆறு வருடம் இருந்தவள் ஓய்வூதியக்காரிதான். எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தீபனின் குறிப்புகளில் உண்டு. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. ஒரே ஒரு நிக்காஹ்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். கல்முனையில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்துகொண்டு, இந்தக் கரையோரத்துக் கலியாணங்களையும் பயான் சொற்பொழிவுகளையும் ஜனாஸா நல்லடக்கங்களையும் கட்டாருக்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் நேரலையாக அனுப்புகிறோம். வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து இருக்கிற ஊர்கள் இவை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்தால் ஒரே நாளில் ஐந்து கலியாணம் வரும். அந்த நாட்களில் சீபியூ மூச்சுத் திணறும், படம் உறையும், வெளிநாட்டு மச்சான்மார் நிலாம் நானாவுக்கு அழைத்துத் திட்டுவார்கள்.

இத்தனைக்கும் படத்தைச் சுருக்குகிற பெரிய வேலை முழுவதையும் வரைகலைச் செயலியான ஜீபியூதான் செய்துகொண்டிருந்தது. அது செய்து முடித்த படம் மறுபடி சீபியூவிடம் வரும். சீபியூ அதைச் சின்னச் சின்னப் பொதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி, வலையமைப்பு அட்டையிடம் கொடுக்கும். சவளக்கடை வயலின் நெல்லை ஆலையில் குற்றி அரிசியாக்கிவிட்டு, மூட்டை கட்டுவதற்குத் திரும்ப வயலுக்கே ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். ஆலை வாசலிலேயே மூட்டை கட்டினால் என்ன? ஜீபியூவிடம் ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கையும் தனியே பெரிய கெட்டிக்காரக் கை இல்லை. ஆனால் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகச் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும். முப்பத்திரண்டு பொதிகளுக்கு ஒரே நேரத்தில் முகவரி எழுதி, சீபியூவைக் கேட்காமல் அட்டையின் மணியைத் தானே அடித்து அனுப்பட்டும். இதுதான் யோசனை.

ஏழு கிழமை, ஏறக்குறைய இரண்டு மாதம், எடுத்தது. முதல் முறை ஒரே நாளில் நாலு கலியாணத்தை அனுப்பியபோது சீபியூ சும்மா இருந்தது. நிலாம் நானா திரையில் அதன் வேலையளவைக் காட்டும் கோட்டைப் பார்த்துவிட்டு, இது கெட்டுப்போச்சா என்று கேட்டார்.

இனி என் பிழை.

ஒரு மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போது தீபன் கேட்டான்: "மிஸ், முப்பத்திரண்டு சேராட்டி என்ன செய்யிற?"

சேரும்வரைக்கும் நிற்கும் என்றேன். எங்கள் ஊர்க் கலியாணத்தில் ஆள் சேராமல் இருந்ததை எங்கேயாவது கண்டாயா என்றும் கேட்டேன். அவனும் சிரித்துவிட்டான். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒரு வரம்பு வைப்போமே என்று அவன் இன்னொரு தடவையும் சொன்னான். வரம்பு வைத்தால் வேகம் குறையும் என்று நான்தான் தட்டிக்கழித்தேன். பொய் சொல்லவில்லை, கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் உண்மையான காரணம், என் யோசனையில் ஓட்டை இருப்பதை நான் விரும்பவில்லை.

சோதனை செய்யாமல் விடவில்லை. மைக்கின் முன்னால் நின்று மூவரும் மாறி மாறிக் கத்தினோம். தீபன் அரைமணி நேரம் கிரிக்கெட் வர்ணனை செய்தான். நிலாம் நானா மீன் ஏலம் கூறினார். எல்லாம் அழகாகப் போனது. ஒருவராவது வாயை மூடிக்கொண்டு இருந்து பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்த நிக்காஹ் நஸ்ரினுடையது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, அவளுடைய வீட்டு முற்றத்துப் பந்தலில் நடந்தது. அவளுடைய வாப்பா கட்டாரில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர். லீவு கிடைக்கவில்லை. அவருடைய தம்பி, நஸ்ரினின் சாச்சா, அவருக்குப் பதிலாக வகீலாக நின்று மகளை நிக்காஹ் செய்து கொடுப்பதாக ஏற்பாடு. மௌலவி ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: தம்பியை வகீலாக்குகிறேன் என்பதை வாப்பாவே தன் வாயால் சொல்ல வேண்டும், கூடியிருக்கும் மஜ்லிஸும் சாட்சிகளும் காதால் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. இது நஸ்ரின் விரும்பிய மாப்பிள்ளை. வாப்பா தன் தங்கை மகனை நினைத்திருந்தவர். மாதக்கணக்காக மறுத்து, பிறகுதான் ஓம் என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அது தெரியும். அதனால்தான் அவருடைய குரல் பந்தலில் கேட்க வேண்டும் என்று நஸ்ரின் ஒற்றைக்காலில் நின்றாள்.

வாப்பாவின் பக்கத்து இணைப்பு மிகவும் மெலிந்தது. அவருடைய தங்குமிடத்தின் மொட்டை மாடியில் ஒரு மூலையில் நின்றால் மட்டும் கிடைக்கும். காலையில் அதைப் பிடித்து நிறுத்தவே ஒரு மணி நேரம் போனது. எனவே அவரிடமிருந்து படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று வைத்தோம். அவர் பேசாத நேரத்தில் ஒன்றுமே அனுப்பாதபடி அமைத்தோம். அந்தக் குரல் எங்கள் மாடியிலிருக்கும் சேர்வருக்கு வந்து, அங்கிருந்து பந்தல் ஒலிபெருக்கிக்குத் தனிப் பாதையில் வரும். பந்தலில் நடப்பது எல்லாம் படமும் சத்தமுமாக அவருக்குப் போகும்.

நிலாம் நானா பந்தலில் கெமராவுடன். தீபன் மாடியில் சேர்வரோடு. நான் மணமகளின் அறையில், கட்டிலோரத்தில் மடிக்கணினியோடு. நஸ்ரினின் சம்மதம் கேட்பதற்காக அந்த அறையிலும் ஒரு மைக் வைத்திருந்தோம்.

மௌலவி கேட்டார். ஒலிபெருக்கியில் வாப்பாவின் குரல் வந்தது. நிதானமான குரல். சற்றே பிந்தித்தான் வந்தது, அதைக் கட்டாரின் தூரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ட மகள் நஸ்ரின இந்த மாப்பிள்ளைக்கி நிக்காஹ் செஞ்சு குடுக்க, என்ட தம்பிய"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பந்தல் அமைதியானது. மகளைக் கொடுக்கிற நேரம், தகப்பன் தொண்டை அடைத்துப்போய் நிற்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரை அவசரப்படுத்துவது மரியாதை இல்லை என்று மௌலவி தலையைக் குனிந்துகொண்டார். சாச்சா கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரம் அது அழகாகக்கூட இருந்தது. பிறகு நீண்டது. மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர் திரும்பி இன்னொருவரைப் பார்த்தார். பெண்கள் இருந்த கூடத்திலிருந்து குசுகுசுப்பு எழும்பி அறைக்குள்ளும் வந்தது. அவருக்கு முதலிலேயே விருப்பம் இல்லைதானே என்றது ஒரு குரல்.

நஸ்ரின் என் பக்கம் திரும்பினாள். "வாப்பாக்கு இன்னும் மனம் இல்லையா ராத்தா?"

இணைப்பு அறுந்திருக்கும் என்றுதான் நான் திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. வாப்பாவின் பாதைக்கு நேரே ஓர் எண் அசையாமல் நின்றது: இருபத்தாறு.

அந்த எண்ணைப் பார்த்ததும் விளங்கியது: முப்பத்திரண்டு சேரவில்லை. அவர் பேசி முடித்துவிட்டார். பேசி முடித்ததும் வாயை மூடிவிட்டார், மரியாதையான மனிதர். அவருடைய கடைசிச் சொற்கள் எங்கள் மாடியில், ஜீபியூவுக்குள், இன்னும் ஆறு பொதிகள் வரட்டும் என்று நிற்கின்றன. அங்கே அவர் இங்கிருந்து பதில் வரட்டும் என்று நிற்கிறார். இங்கே நூறு பேர் அவருக்காக நிற்கிறார்கள்.

தீபன் அழைத்தான். அவனும் பார்த்துவிட்டான். "பழைய சீபியூ பாதைக்கு மாத்தவா? ஒரு செக்கன்ல மாத்திப்போடுவன்."

மாற்றினால் உள்ளே நிற்பது அழிந்துவிடும்; வாப்பாவின் இணைப்பும் அறுந்துவிடும், திரும்ப எப்போது கிடைக்கும் என்று தெரியாது. தொட வேண்டாம் என்றேன். தொலைபேசியில் அவரை அழைக்கலாமா என்றால் அவரிடம் இருப்பது ஒரே ஒரு கைபேசி. அழைப்பு போனாலும் இணைப்பு அறுந்துவிடும். நிலாம் நானாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் கெமராவில் கண்ணை வைத்திருந்தார், பையிலிருந்த கைபேசியைப் பார்க்கவில்லை.

வாப்பா இன்னும் ஒரு சொல் பேச வேண்டும். எந்தச் சொல்லாயிருந்தாலும் சரி.

மகளின் குரலுக்குத்தான் அவர் கட்டாயம் பதில் சொல்வார். மைக்கை எடுத்து நஸ்ரினின் முன்னால் வைத்தேன். வாப்பாவைக் கூப்பிடு என்றேன்.

அவள் பந்தல் பக்கம் பார்த்தாள். "ஸ்பீக்கர்லயும் கேக்கும். ஆம்புளயள் எல்லாரும் இரிக்காங்க."

ஓம், கேட்கும் என்றேன். உன்னுடைய வாப்பா சொல்லி முடித்துவிட்டார், சொன்னதை எங்களுடைய மெசின் பிடித்து வைத்திருக்கிறது, நீ கூப்பிட்டால் வெளியே வரும் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் சொல்லி முடித்துவிட்டார் என்ற சொல் விளங்கியது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"வாப்பா, கேக்குதா?"

நிக்காஹ் மஜ்லிஸின் நடுவில் மணமகளின் குரல். பந்தலில் நூறு தலைகள் உயர்ந்தன. கட்டாரில் அவர் வாய் திறந்தார். என் திரையில் இருபத்தாறு, முப்பது, முப்பத்திரண்டு. ஒலிபெருக்கியில் நின்றுபோன இடத்திலிருந்தே குரல் தொடர்ந்தது.

"வகீலா ஆக்கிட்டன்." அதே மூச்சில், ஒட்டிக்கொண்டு: "கேக்குது மகள். வாப்பா இஞ்சதான் இரிக்கன்."

நஸ்ரின் மைக்கை என் மடியில் போட்டுவிட்டு அழுதாள். நல்ல அழுகை.

மௌலவி பெரிய மனிதர். மணமகள் பேசியதை அவர் குற்றமாக எடுக்கவில்லை. சாட்சிகளுக்குத் தெளிவாகட்டும், இன்னொரு முறை முழுதாகச் சொல்லுங்கள் என்று வாப்பாவிடம் கேட்டார். இதற்குள் நான் வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சாச்சாவிடம் சொல்லி அனுப்பினேன்: வாப்பா பேசி முடித்ததும் நிறுத்தாமல் நபி மீது ஸலவாத்தும் ஓதட்டும். வாப்பா சொன்னார், ஸலவாத்தும் ஓதினார். ஸலவாத்தின் கடைசித் துண்டு எங்கள் மாடியில் சிக்கியிருக்கும். அல்லாஹ்வுக்குக் கேட்டிருக்கும். மஜ்லிஸுக்குத் தேவையான அத்தனையும் வந்து சேர்ந்தது. நிக்காஹ் முடிந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

நிலாம் நானா கெமராவை மடித்துவிட்டு என்னிடம் வந்தார். "லைன் பிழை எண்டு செல்லிட்டு விடுவம் புள்ள. கட்டார் லைன்தானே, ஆரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்க மாட்டார்கள் என்பது சரி. லைன் பிழை என்றால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போயிருப்பார்கள். ஆனால் சொல்லின் நடுவில் வந்த அந்த அமைதியை எல்லாரும் கேட்டார்கள். லைன் என்பது எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்கிற சாட்டு. அதை நம்பியதுபோல் காட்டிக்கொண்டு, அவர் தயங்கினார் என்றுதான் மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள். பத்து வருடம் கழித்து மாமி மருமகள் சண்டையில் அது வெளியே வரும். எங்கள் பெயரைக் காப்பாற்ற அந்த வாப்பாவின் பெயரை அடகு வைக்க முடியாது. இதை நிலாம் நானாவிடம் இவ்வளவு ஒழுங்காக நான் சொல்லவில்லை. மாட்டேன் நானா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெண்கள் கூடத்துக்குள் போனேன்.

மாப்பிள்ளையின் உம்மா கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் குந்திக்கொண்டு சொன்னேன். மணமகளின் வாப்பா ஒரு கணமும் தயங்கவில்லை, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார், எங்கள் மெசின்தான் கடைசிச் சொல்லை விடாமல் வைத்திருந்தது, அதை அப்படிச் செய்யும்படி வைத்தவள் நான்.

"புடிச்சி வெச்சிருந்திச்சா? என்னத்துக்குகா?"

"கூடப் போறதுக்கு ஆள் சேரும்வரைக்கும் நிக்கும் மாமி. தனியாப் போகாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். "எங்கட ஊட்டுப் பொம்புளயள் மாதிரி. ஒருத்தி வெளிக்கிட்டா மத்தவள் வரும்வரைக்கும் வாசல்லயே நிப்பாளுகள்." பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு அதையே திரும்பச் சொன்னார். குசுகுசுத்த வாய்களும் சிரித்தன. எழுந்து போய் நஸ்ரினின் கன்னத்தைத் தடவி, உன்ட வாப்பா ஒரே மூச்சில சென்னாராம் மகள் என்றார்.

அன்றிரவே தீபன் வரம்பை எழுதிவிட்டான். பத்து வரி. முப்பத்திரண்டு சேர்ந்தாலும் சேராவிட்டாலும், குறித்த நேரம் ஆனதும் இருப்பதை ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் சொன்னேனே என்று அவன் ஒரு முறைகூடச் சொல்லவில்லை, அதுதான் அதிகம் குத்தியது. அடுத்த கலியாணத்தில் நான் சாப்பிடாமல் கடைசிச் சஹனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர்தான் இருந்தார்கள். கொண்டுவந்தவர் ஒரு பார்வை பார்த்தார், தட்டை இறக்கினார், போய்விட்டார். ஆள் நிரம்பிய சஹன்களை மட்டும் பார்த்து யோசனை எடுத்தவள் நான்.

நஸ்ரினின் வாப்பா பிறகு நிலாம் நானாவுக்கு அழைத்தார். சண்டை பிடிக்கத்தான் என்று நானா பயந்தார். அவரோ, நீங்கள் எல்லாரும் துஆ ஓதுகிறீர்கள் என்று நினைத்து நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் என்றாராம். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காத நானா, அன்று வட்டிலப்பம் வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். "பிழை எங்கடயா இருந்தா அண்டைக்கே செல்லிப்போடணும். எழுதி ஒட்டு புள்ள." உங்கள் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் தாள் அதுதான். எழுத்து என்னுடையது, எண்ணெய்க் கறை அவருடையது.

இனி உங்கள் வேலை.

பெருநாள் கழிந்து இரண்டாம் வெள்ளி, மருதமுனையில் ஒரு நிக்காஹ் பொறுப்பேற்றிருக்கிறோம். மாப்பிள்ளை பிறவியிலேயே காது கேட்காதவர், பேசவும் மாட்டார். அவருடைய உம்மா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போய்ப் பல வருடம். தாயும் மகனும் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு ஒன்று இருக்கிறது. அதை முழுதாக அறிந்தவர் உலகத்தில் அந்த உம்மா ஒருவர்தான். மௌலவி கேட்பதை அவர் குவைத்திலிருந்து கையால் மகனுக்குச் சொல்வார். மகன் கையால் ஏற்றுக்கொள்வார். அதை உம்மா வாயால் மஜ்லிஸுக்குச் சொல்வார்.

இரு பக்கமும் படம் போக வேண்டும். கை அசையும்போது பொதிகள் குவியும்; கை ஓய்ந்து நிற்கும்போது அனுப்புவதற்கு ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ஆனால் கைப்பேச்சில் கை நிற்கும் இடத்தில்தான் பொருள் முடிகிறது. தீபனின் நேர வரம்பு குரலுக்குப் போதும். இதற்குப் போதுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணிக்கையையும் நேரத்தையும் விட்டுவிட்டு, ஒரு படம் முழுமையாகிவிட்டதா என்பதை மட்டும் பார்த்து ஜீபியூ அனுப்ப வேண்டும், வருகிற பொதிகளையும் அதுவே வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் இப்படிச் சொன்னால் எங்கேயாவது ஓட்டை இருக்கும். கண்டுபிடித்தவுடன் என்னிடம் சொல்லுங்கள், நான் சிரித்தாலும் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தீபன் மாடியில் கெமராவின் முன்னால் நிற்பான். நீங்கள் மூவரும் கீழ் அறையில் திரையின் முன்னால் இருங்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது. அவன் கையை உயர்த்துவான், பாதியில் நிறுத்துவான், அப்படியே நிற்பான். அவனுடைய கை நின்ற நேரத்தை அவன் எழுதுவான்; உங்கள் திரையில் அது நின்ற நேரத்தை நீங்கள் எழுதுங்கள்.